நாலு சொன்னது யார்?

உத்தமன் ஓடிக்கொண்டிருந்தான்.

லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. ஆறு மாடிப் படிகளையும் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, கண்ணாடிக் கதவைத் தோளால் இடித்துத் தள்ளி, வெயிலில் பாய்ந்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை முதுகுப் பக்கம் திரும்பிப் படபடவென்று அடித்தது. கையிலிருந்த செல்போனில் மனைவி உஷாவின் குரல் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு அவ வரவே இல்லன்னு மிஸ் சொல்றாங்க! எங்க இறக்கி விட்டீங்க? சொல்லுங்க, என் குழந்தைய எங்க இறக்கி விட்டீங்க?"

எங்கே இறக்கிவிட்டான்?

பள்ளிக்கூட வாசலில்தான். காலை எட்டரைக்கு. நான்கு குழந்தைகளும் நம்பர் சொன்னார்கள். நாலையும் அவன் காதால் கேட்டான்.

இப்போது மணி பன்னிரண்டு பத்து.

அலுவலகத்துக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் பொட்டல். ஒரு மரம் கிடையாது. ஒயிட்ஃபீல்டின் ஏப்ரல் வெயில் நூற்றுக்கணக்கான கண்ணாடிகளில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கடைசி வரிசையில், மற்ற வண்டிகளைவிட ஒரு தலை உயரமாக, கறுப்பாக, அது நின்றுகொண்டிருந்தது.

"ஏனாயித்து சார், என்ன ஆச்சு?" என்று காவலாளி எழுந்து வந்தார்.

உத்தமன் ரிமோட்டை அழுத்தினான். பூட்டு அசையவில்லை. மறுபடி அழுத்தினான். விளக்குகூடச் சிமிட்டவில்லை. கதவைப் பிடித்து இழுத்தான். கைப்பிடி உள்ளங்கையைச் சுட்டது. ஜன்னலில் நெற்றியை ஒட்டிப் பார்த்தான். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குள் இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

காதை வைத்தான்.

உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். மிக மெதுவாக.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஒரு இடைவெளி.

ஒன்று. இரண்டு. மூன்று.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

உத்தமன் நடைபாதை ஓரத்தில் பெயர்ந்து கிடந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கினான்.

*

அந்த வண்டியை வாங்கியதே மகள் ரக்ஷிதாவின் உயிருக்காகத்தான்.

அதற்கு முந்தைய ஜூலை மாதத்து மழையில், ஜீவனஹள்ளித் திருப்பத்தில், பதினோரு குழந்தைகளை அடைத்துக்கொண்டு போன பள்ளிக்கூட ஆட்டோ கவிழ்ந்தது. ரக்ஷிதாவுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அடியில் சிக்கிய ஒரு பையனுக்கு இன்னும் கால் சரியாகவில்லை. அன்றைக்கு உஷா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"இனிமே என் பொண்ணு ஆட்டோல ஏற மாட்டா."

சின்ன கார் போதும் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அவர்கள் குடியிருந்த கட்டடத்திலேயே அதே பள்ளிக்குப் போகிற குழந்தைகள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கீழ் வீட்டு பியாட்ரிஸின் மகள் இளவேனில். எதிர் வீட்டு சௌம்யா, அவள் தம்பி பிரகாஷ். நான்கையும் உட்காரவைக்கப் பெரிய வண்டி வேண்டும். அதுவும் இடித்தால் எதிராளிதான் நசுங்க வேண்டும்.

புரோக்கர் கோவிந்தப்பா அதைக் காட்டியபோது உத்தமனுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டி. தோல் இருக்கைகள். கூரையில் திறக்கும் கண்ணாடி. ஏழு வருடப் பழசு என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"மல்லேஸ்வரம் பார்ட்டி சார். சிங்கிள் ஓனர். வீட்ல நாலு காரு, இது சும்மா நிக்குது" என்றார் கோவிந்தப்பா. "நீங்க இதுல உக்காந்து ஹாரன் அடிச்சா பி.எம்.டி.சி. பஸ்காரனே ஒதுங்குவான், தெரியுமா?"

"இந்த விலைக்கு எப்படிங்க?"

"பெட்ரோல் குடிக்கும் சார். பொய் எதுக்குச் சொல்லணும்? ஆனை வாங்கினா தீனி போடணும்ல?"

சிரித்தார். ஆனால் பின் இருக்கைப் பக்கம் அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது உத்தமனுக்குப் பிறகுதான் உறைத்தது.

வண்டி வந்த அன்று உஷா மஞ்சள் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாள். பிறகு உள்ளே ஏறிப் பார்த்தவள், "என்னங்க, இங்க பாருங்களேன்" என்றாள்.

நடு வரிசையில் மூன்று இருக்கை. கடைசியில் இரண்டு. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பொட்டு அளவுக்கு ஒரு வட்ட ஸ்டிக்கர். அதில் கன்னட எண்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை.

"யாரோ விவரமான அம்மா ஒட்டியிருக்கா. ஆளுக்கு ஒரு நம்பர். ஏறினதும் சொல்லணும், இறங்கினதும் சொல்லணும். ஒரு குழந்தைகூட விட்டுப் போகாது" என்றாள் உஷா.

"கிழிச்சுடவா?"

"ஐயோ, எதுக்கு? நாமளும் அப்படியே பண்ணலாம்."

அப்படியே செய்தார்கள்.

*

மூன்றாம் நாள் காலை. எல்லாரும் ஏறிக் கதவைச் சாத்தியாயிற்று.

"நம்பர்!" என்றான் உத்தமன்.

"ஒண்ணு!" இளவேனில்.

"ரெண்டு!" சௌம்யா.

"மூணு!" பிரகாஷ்.

"நாலு!" கடைசி வரிசையிலிருந்து ரக்ஷிதா. சின்ன உடம்பு என்பதால் அந்த இடுக்கு அவளுக்கு. அவள் பக்கத்து இருக்கையில் ஸ்கூல் பைகள்.

உத்தமன் சாவியைத் திருப்பினான்.

"ஐது."

சின்னக் குரல். கன்னடத்தில் ஐந்து. நிதானமாக, ஒப்பிப்பதுபோல.

சௌம்யா தம்பியின் மண்டையில் ஒன்று வைத்தாள். "உனக்கு ரெண்டு நம்பராடா, லூசு?"

"நான் சொல்லலக்கா!"

"அப்ப யார்றா, பைக்குள்ள இருக்கற உன் டிபன் டப்பாவா?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. உத்தமனும் சிரித்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

ரக்ஷிதா மட்டும் சிரிக்கவில்லை. பைகள் இருந்த பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றாள்.

அதற்குப் பிறகு அது தினமும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை. சில வாரம் இரண்டு முறை. மற்ற குழந்தைகள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள்.

வாசனை ஒன்றும் இருந்தது. வண்டி வெயிலில் நின்ற நாட்களில் மட்டும் வரும். சூடேறிய தோலின் வாடைக்கு அடியில், டப்பாவில் மூடி வைத்து மறந்துபோன தயிர்ச் சாதம்போல ஒரு புளிப்பு. இரண்டு முறை உள்ளே முழுக்கக் கழுவிவிட்டான். போகவில்லை.

ஒரு சனிக்கிழமை, ரக்ஷிதாவை மட்டும் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தான். நல்ல பகல். சாலை நிறைய வண்டிகள். பின்னாலிருந்து மெல்லிய பேச்சுச் சத்தம்.

"அப்படி இல்ல... நா... லு. வாயை இப்படி வெச்சுக்கோ. நா... லு."

"யார்கிட்டடா பேசற, ரச்சு?"

"பாப்பாகிட்டப்பா."

"எந்தப் பாப்பா?"

"இங்க இருக்கற பாப்பா. நம்பர் கேட்டா அவளுக்கு ஐது மட்டும்தான் சொல்லத் தெரியும். எனக்கு அவ கன்னடம் சொல்லித் தரா. நான் அவளுக்கு நாலு சொல்லித் தரேன்."

உத்தமன் வேகத்தைக் குறைத்தான்.

"அவ எதுக்கு நாலு கத்துக்கணும்?"

ரக்ஷிதா கொஞ்சம் யோசித்தாள். யாரிடமோ கேட்டுவிட்டுச் சொல்வதுபோல ஒரு இடைவெளி.

"ஐது சொன்னா யாரும் இறக்கி விட மாட்டேங்கறாங்களாம்."

வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி, பின் கதவைத் திறந்து பார்த்தான். ரக்ஷிதா மடியில் பிஸ்கட் பொட்டலம். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஸ்கூல் இல்லாத நாள், பைகளும் இல்லை.

ஆனால் அந்த இருக்கையின் பெல்ட் மாட்டியிருந்தது.

குழந்தை இடுப்பைச் சுற்றியதுபோல, விறைப்பாக, முன்னால் வளைந்து நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகத் தளர்ந்து இருக்கையில் படிந்தது.

அன்று மாலை கோவிந்தப்பாவுக்கு போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான்.

"சார்... அந்தக் கடைசி சீட்டை மடிச்சு வெச்சுடுங்க. குழந்தைங்கள அங்க உக்கார வெக்காதீங்க."

"ஏன்?"

"மடிச்சு வெச்சுடுங்க சார்."

போன் துண்டிக்கப்பட்டது.

மடிப்பு இரும்பு துருப்பிடித்து இறுகியிருந்தது. மெக்கானிக்கிடம்தான் காட்ட வேண்டும். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் தலைபோகிற வேலை. வரும் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினான். நடு வரிசையில் இடமில்லை, முன் இருக்கைக்கு அவள் சின்னவள் என்று அதுவரை ரக்ஷிதாவை நாலிலேயே உட்காரவைத்தான். உஷாவிடம் எதுவும் சொல்லவில்லை. இந்த வண்டியைத் தேடிப் பிடித்தவன் அவன்தானே?

இன்று வெள்ளிக்கிழமை.

*

ரக்ஷிதாவுக்கு இரவெல்லாம் இருமல். காலையில் மருந்து கொடுத்திருந்தாள் உஷா. வண்டியில் ஏறும்போதே அவளுக்குக் கண் சொக்கியது. "நாலு" என்று முனகியது அரைத் தூக்கத்தில்.

பள்ளிக்கூட வாசலில் வழக்கமான நெரிசல். பின்னால் ஒரு வேன்காரன் ஹாரனில் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தான். அதே நேரம் உத்தமனின் செல்போன் அடித்தது. மேலதிகாரி. காதில் வைத்துக்கொண்டே, "இறங்குங்க, இறங்குங்க, நம்பர் சொல்லுங்க" என்றான்.

கதவு திறந்தது. பைகள் உரசின. கதவு சாத்தியது. நடைபாதையிலிருந்து குரல்கள்.

"ஒண்ணு!"

"ரெண்டு!"

"மூணு!"

சின்ன இடைவெளி.

"நாலு."

ரக்ஷிதாவின் குரல். இருமலில் கம்மிய அதே குரல். உத்தமன் கியரைப் போட்டுக் கிளம்பினான். அலுவலகம் வரும்வரை மேலதிகாரியோடு பேசிக்கொண்டே வந்தான். வண்டியை நிறுத்தி இறங்கி, ரிமோட்டை இரண்டு முறை அழுத்தினான். இரண்டு முறை அழுத்தினால் உள்ளேயிருந்துகூடத் திறக்க முடியாது. திருடர்களுக்கு எதிரான வசதி. கோவிந்தப்பா பெருமையாகச் சொல்லிக்கொடுத்தது.

மதியம் உஷா போனில் அலறியபோதுதான் அவனுக்கு அது உறைத்தது.

முதல் மூன்று குரலும் வெளியே நடைபாதையிலிருந்து வந்தன.

நாலாவது குரல் அவன் முதுகுக்குப் பின்னால், வண்டிக்குள்ளிருந்து வந்தது.

*

மூன்றாவது அடியில் கண்ணாடி சிதறியது.

அனல் முகத்தில் அறைந்தது. கூடவே அந்தப் புளித்த வாசனை. உத்தமன் உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே தலையை நுழைத்து, கை கிழிய, நடு வரிசையைத் தாண்டிப் பின்னால் ஊர்ந்தான்.

நாலாம் நம்பர் இருக்கை காலி.

அதன் பக்கத்து ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் கீற்றுக் கீற்றாக நகத்தால் கிழிக்கப்பட்டிருந்தது. கண்ணாடி முழுக்கச் சின்னஞ்சிறு உள்ளங்கைத் தடங்கள். ஈரம் இன்னும் காயவில்லை.

ரக்ஷிதா ஐந்தாம் நம்பர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

நேராக. பெல்ட் மாட்டிக்கொண்டு. இரண்டு கைகளும் மடியில். கண்கள் திறந்திருந்தன. அவனையே பார்த்தன.

"ரச்சு! என் தங்கம்!"

பெல்ட்டைக் கழற்றி அள்ளி நெஞ்சோடு அணைத்தான். உடம்பு சில்லென்று இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. குழந்தை அவன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது. இவ்வளவு இறுக்கமாக அவள் எப்போதும் கட்டிக்கொண்டதில்லை.

உயிர் இருக்கிறது. அது போதும்.

ஜன்னல் வழியாக அவளைக் காவலாளியிடம் நீட்டி, தானும் வெளியே குதித்தான். ஓடும்போது முதுகுக்குப் பின்னால் அந்தத் தட்டும் சத்தம் இன்னும் கேட்பதுபோல இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

தன் நெஞ்சுத் துடிப்பு என்று நினைத்துக்கொண்டான்.

*

"மூணு மணி நேரமா? இந்த வெயில்லயா?" டாக்டர் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டார். "உடம்புல தண்ணிகூட வத்தல. எப்படின்னு எனக்குத் தெரியல. கடவுளுக்கு நன்றி சொல்லுங்க."

உஷா உத்தமனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், மார்பில் குத்தினாள், பிறகு அதே மார்பில் விழுந்து அழுதாள்.

மறுநாள் கோவிந்தப்பா மருத்துவமனைக்கே வந்தார். வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டுப் போய்க் கிசுகிசுத்தார்.

"அந்த மல்லேஸ்வரம் பார்ட்டி யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருந்தாங்க சார். பெரிய கூட்டுக் குடும்பம். அஞ்சு குழந்தைங்க. டிரைவர் நம்பர் கேப்பான், அதுங்க சொல்லும். ஒரு நாள் கடைசிக் குழந்தை பின்னால தூங்கிடுச்சு. பெரிய பையன் ஒருத்தன் விளையாட்டா அதுக்கும் சேத்து 'ஐது'ன்னு குரல் குடுத்தான். டிரைவர் கணக்கு சரின்னு பூட்டிட்டுப் போயிட்டான். சாயந்திரம்தான் தேடினாங்க. மதியச் சாப்பாடு மடியிலேயே இருந்துச்சாம்."

உத்தமனுக்கு அவரை அடிக்கக் கை ஓங்கியது. ஆனால் அவன் சொன்னது வேறு.

"அந்த வண்டி இனிமே என் கண்ணுல படக்கூடாது. யாருக்காவது தள்ளிவிடுங்க."

"வாங்கறவங்ககிட்ட...?"

உத்தமன் திரும்பி நடந்தான். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார் கோவிந்தப்பா. உடைந்த கண்ணாடியை மாற்றி, கிழிந்த ஃபிலிமை உரித்துப் புதிதாக ஒட்டி, இரண்டே வாரத்தில் ஓசூரில் ராஜேந்திரன் என்பவருக்கு வண்டி கைமாறியது.

*

இரண்டு மாதம் ஓடியது. பள்ளி திறந்தது. உஷா இப்போது ரக்ஷிதாவைக் கையைப் பிடித்து பஸ்ஸில் அழைத்துப் போகிறாள்.

"பிள்ளை ரொம்ப சமத்தாயிட்டா" என்றாள் பியாட்ரிஸ். "முன்ன என்னா வாயி! இப்ப கேட்டாத்தான் பேசறா."

பயந்துபோயிருக்கிறாள், போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பாட்டிலும் தொந்தரவு இல்லை. தயிரைக் கண்டாலே ஓடுகிறவள், இப்போது மூன்று வேளையும் தயிர்ச் சாதம் கேட்கிறாள். ஒட்ட வழித்துச் சாப்பிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். உஷா சமையலறையில். ரக்ஷிதா தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். உத்தமனின் செல்போன் அடித்தது.

"சார், நான் ஓசூர் ராஜேந்திரன். உங்க வண்டிய வாங்கினவன். புரோக்கர் போனே எடுக்க மாட்டேங்கறாரு. அதான் உங்களுக்கே அடிச்சேன்."

"சொல்லுங்க."

"தப்பா நெனைக்காதீங்க. வண்டியில... ஒரு குழந்தைக் குரல் கேக்குது சார்."

உத்தமன் கண்களை மூடினான். எதிர்பார்த்ததுதான். சமையலறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஐதுன்னு சொல்லுதா?"

"ஐதுவா? இல்ல சார். தமிழ்தான். நாலு, நாலுன்னு சொல்லுது."

தரையில் பென்சில் நின்றது.

உத்தமன் திரும்பிப் பார்த்தான். குழந்தை தலை தூக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. நேராக எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டது. அந்த நகங்களை அவன் பார்த்தான். ஃபிலிமைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்த நகங்கள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தான்? மருத்துவமனையில் தானே துடைத்துவிட்டபோதுகூட ஒரு விரல்நுனியிலும் கீறல் இல்லையே.

"ஹலோ... சார், இருக்கீங்களா?"

"சொல்... சொல்லுங்க."

"நேத்து எம் பொண்டாட்டி தைரியமா, யாரும்மா நீ, உம் பேர் என்னன்னு கேட்டா. ரச்சுன்னு சொல்லுச்சாம். அழுதுக்கிட்டே இன்னொண்ணும் சொல்லுச்சாம் சார்..."

ராஜேந்திரன் அதை அப்படியே ஒப்பித்தார்.

"'எங்கப்பா கண்ணாடிய ஒடச்சுட்டு உள்ள வந்தாரு. பாப்பாவத் தூக்கிட்டுப் போயிட்டாரு. என்னையத் தூக்கல'ன்னு."